சந்தனம் தீர்ந்தது, செம்மரத்துக்கு ஆள் பிடித்தார்கள்

கேள்வி இதுதான்: "மரக் கடத்தல், வனவிலங்குக் கடத்தல் எல்லாம் நிலைத்த வளர்ச்சியை எப்படிப் பாதிக்கிறது? காட்டுக்கு நஷ்டம் என்பது புரிகிறது. அதற்கும் வறுமை ஒழிப்புக்கும் என்ன சம்பந்தம்?"

கேள்வியின் பின்பாதிதான் சரியான கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன். உலகக் கணக்கில் ஆரம்பித்தால் எல்லாம் கோடி கோடியாக ஓடி, கடைசியில் ஒன்றும் மனதில் நிற்காது. நமக்குப் பக்கத்திலேயே ஒரு முழு உதாரணம் இருக்கிறது: ஆந்திராவின் சேஷாசலம் மலைச் செம்மரமும், அதை வெட்டப் போகிற நம் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை ஆட்களும். ஜவ்வாது மலை ஊர்களுக்கு வேலை காரணமாகப் போய்வருகிறவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மரம். செஞ்சந்தனம் என்றும் சொல்வார்கள். கொலுவில் வைக்கிற பழைய மரப்பாச்சி பொம்மைகள் இதில் கடைந்தவைதான், நாட்டு மருந்துக் கடையில் இதன் தூள் கிடைக்கும். இயற்கையாக இது வளர்வது உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில்தான்: கடப்பா, திருப்பதி, சித்தூர், அன்னமய்யா, நெல்லூர் மாவட்டங்களின் காய்ந்த கல் மலைகள், அப்புறம் தமிழ்நாட்டு எல்லையோரம் கொஞ்சம். நல்ல மண்ணும் நிறையத் தண்ணீரும் கேட்காத மரம், ஆனால் அவசரமும் படாது. உருப்படியாக வைரம் பாய்வதற்கு 25 முதல் 40 வருடம் ஆகும். அப்படி வைரம் பாய்ந்த கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு அடர்த்தி. ரேகை அலை அலையாக ஓடும் கட்டை கிடைத்தால் மதிப்பு இன்னும் பல மடங்கு. சீனாவில் பணக்கார வீட்டு மேஜை நாற்காலிக்கும், ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பு வாத்தியத்துக்கும் போகிறது.

காட்டில் என்ன நடக்கிறது என்றால், வெட்டிய இடத்திலேயே பட்டையையும் அதற்கு அடுத்த வெள்ளைப் பகுதியையும் செதுக்கித் தள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் சிவப்பு வைரத்தை மட்டும் ஆள் தூக்குகிற நீளத்துக்குத் துண்டு போட்டு, ராத்திரியில் தோளில் வைத்துக்கொண்டு பாறையும் முள்ளுமாகக் கிடக்கும் சரிவில் பல கிலோமீட்டர் இறங்கி வருகிறார்கள். ஒல்லியான மரத்தை யாரும் தொடுவதில்லை. நேராக, பருத்து, வைரம் ஏறி நிற்கும் மரம்தான் விழும். விதை கொடுக்க வேண்டியதும் அதே மரம்தான். முப்பது வருடமாக இப்படியே பொறுக்கி எடுத்தால் காட்டில் மிச்சம் இருப்பது கோணலும் மெலிசும்தான், அடுத்த தலைமுறை மரம் அவற்றின் விதையிலிருந்து வரவேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் காடு பச்சையாகத்தான் தெரியும், செயற்கைக்கோள் படத்திலும் பெரிய மாற்றம் தெரியாது. அழியும் ஆபத்தில் இருக்கும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995-லிருந்தே இது இருக்கிறது. இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐ.யு.சி.என். 2018-ல் இதன் நிலைமை கொஞ்சம் தேவலை என்று ஆபத்துப் பட்டியலில் இரண்டு படி இறக்கி வைத்தது, 2021-லேயே திரும்பவும் 'அழியும் ஆபத்தில்' என்ற பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

இப்போது பணம். ஆந்திர அரசு பிடிபட்ட கட்டைகளை 2014-லிருந்து சர்வதேச ஏலத்தில் விட்டது. அதில் முதல் தரக் கட்டை டன் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் போனது. அதாவது கிலோ 10,000 ரூபாய்க்கு மேல், அதுவும் இந்தியாவுக்குள்ளேயே. வெட்டுகிற ஆளுக்குக் கிலோவுக்குச் சில நூறு ரூபாய் என்றுதான் பேச்சு, அதிலும் மேஸ்திரியின் பங்கு, வண்டிச் செலவு, கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் கழியும். நடுவில் இருக்கும் பணம் மலையிலும் தங்குவதில்லை, அரசாங்கத்துக்கும் வருவதில்லை. ஏஜென்ட், முன்னால் போய் வழி பார்க்கிற பைலட் வண்டி, கிடங்கு, வேறு சரக்கு என்று எழுதிய கன்டெய்னர், துறைமுகம், துபாய், ஹாங்காங் என்று போய்விடுகிறது. உலக வங்கி 2019-ல் ஒரு கணக்கு போட்டது: கள்ள மரம், கள்ள மீன்பிடி, வனவிலங்குக் கடத்தல் மூன்றும் சேர்ந்து உலகத்துக்கு வருடத்துக்கு ஒன்று முதல் இரண்டு லட்சம் கோடி டாலர் நஷ்டம், அரசுகளுக்கு வரவேண்டிய வருமானத்தில் மட்டும் 700 முதல் 1,200 கோடி டாலர் போகிறது என்று. அந்தப் பெரிய தொகையில் 90 சதவீதத்துக்கு மேல் சந்தையில் யாரும் விலை போடாத விஷயங்கள்: நீர் பிடிப்பு, மண் காப்பு, கரியமில வாயுவைத் தேக்குவது. காய்ந்த மலைக்குக் கீழே கிணறு வைத்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, வறுமைக்கு வருவோம். ஜவ்வாது மலையிலிருந்து ஏன் ஆந்திராவுக்கு ஆள் போகிறார்கள்? 'பேராசை' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். ஜவ்வாது மலையே ஒரு காலத்தில் சந்தனக் காடு. அடிவாரத்தில் இருக்கும் திருப்பத்தூரை சந்தன நகரம் என்றே சொல்வார்கள், அரசாங்கச் சந்தனக் கிடங்கும் ஏலமும் அங்கேதான். 1792-ல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரம் என்று அறிவித்தார், அதற்குப் பிறகு வந்த அரசாங்கங்களும் அந்த உரிமையை விடவில்லை. சொந்தப் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரம்கூட உங்களுடையது இல்லை, ஆனால் அது காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். விவசாயி என்ன செய்வான்? கன்று தலை நீட்டும்போதே பிடுங்கி எறிவான். தமிழ்நாட்டில் 2002-ல் தான் சட்டம் தளர்ந்தது. அதற்குள் காட்டில் இருந்ததைக் கடத்தல் முடித்துவிட்டது. ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் சந்தனம் எடுத்த நாடு சில நூறு டன்னுக்கு இறங்கியது, அந்த இடத்தை ஆஸ்திரேலியா பிடித்துக்கொண்டது. நம் சந்தன வகையையே அங்கே தோட்டம் போட்டு வளர்த்து எண்ணெய் எடுத்து விற்கிறார்கள்.

இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. முறையாக வெட்டி, முறையாக நட்டிருந்தால் தலைமுறை தலைமுறையாக மலைக்கு வருமானம் தந்திருக்க வேண்டிய ஒரு மரம், இருபது முப்பது வருடத்தில் காலி. பள்ளிக்கூடமோ ரோடோ ஆஸ்பத்திரியோ அந்தப் பணத்தில் வந்ததா என்றால் இல்லை. மலையில் மிஞ்சியது இரண்டு விஷயம்: மரம் வெட்டத் தெரிந்த கைகள், அந்தக் கைகளின் முகவரி தெரிந்த புரோக்கர்கள். செம்மரத்துக்கு வெளிநாட்டில் விலை ஏறியபோது அதே புரோக்கர் வலை அதே கைகளைத் தேடி வந்தது. ஒரு மலையைத் தின்று முடித்து, அந்த மலையின் ஏழைகளையே கூலிக்கு அமர்த்தி அடுத்த மலையைத் தின்பது. என்னைக் கேட்டால் 'கடத்தலுக்கும் வறுமைக்கும் என்ன சம்பந்தம்' என்பதற்குப் பதில் இந்த ஒரு வரிதான், மற்றதெல்லாம் விளக்கம்.

விளக்கத்தில் மோசமான பகுதி, கடத்தலைப் 'பிடிக்கிற' விதம். தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியைத் தெரியாத தமிழர் இருக்கக்கூடாது. 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் போனார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை உடைத்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. 269 அரசு ஊழியர்கள் மீது வழக்கு. தீர்ப்பு வர 19 வருடம் ஆனது, 2011-ல். அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மிச்சமிருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பரில் அதை உறுதிசெய்தது, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதோடு, உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றவே இந்த நாடகம் நடந்தது என்ற பொருளில் கடுமையாகவே சொன்னது. ஒரு ஊர் முப்பது வருடத்தைக் கோர்ட்டில் கழித்தது. அந்த முப்பது வருடத்தில் அந்த ஊர் எதை வளர்த்திருக்க முடியும்?

செம்மரத்திலும் அதே கதை, எல்லைக்கு அந்தப்பக்கம். இரண்டு பக்கமும் ரத்தம் சிந்தியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் இரண்டு வனத்துறை அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் நூற்றுக்கணக்கான தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். இரண்டு வருடத்துக்கும் மேல் ஜாமீன் இல்லாமல் கிடந்து 2016-ல் விடுதலையானார்கள். அதற்கு நடுவில், 2015 ஏப்ரல் 7, சந்திரகிரி பக்கத்துக் காட்டில் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இருபது பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள், திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் பக்கத்துக் கூலிகள். சிலரை ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன, அவர்கள் கல்வராயன் மலைக்காரர்கள். கன்டெய்னர் பதிவு செய்தவரோ, ஹாங்காங்கில் சரக்கை இறக்கியவரோ இப்படிச் செத்தவர்கள், உள்ளே கிடந்தவர்கள் பட்டியலில் ஒருவர்கூட இல்லை.

செய்தியில் வராத பாதிப்பு ஒன்று இருக்கிறது, அதைப் பக்கத்தில் இருந்தால்தான் பார்க்க முடியும். ஒரு ஆள் கடப்பா சிறையில் என்று வையுங்கள். வீடு ஜமுனாமரத்தூருக்கும் உள்ளே ஒரு குக்கிராமம். பார்க்கப் போகிற மனைவி மலையிறங்கி போளூர், அங்கிருந்து வேலூர், திருப்பதி, அப்புறம் கடப்பா என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு, மறுநாளும் போச்சு. வழக்குக் காகிதம் முழுக்கத் தெலுங்கு. வக்கீல் வைப்பது பல சமயம் கூட்டிக்கொண்டு போன அதே ஏஜென்ட்தான், அந்தச் செலவு கடனாக இவர்கள் தலையில் ஏறும், அடைக்க வழி இன்னொரு தடவை காட்டுக்குப் போவது. ஜாமீன் கிடைத்தாலும் உள்ளூர் ஆள் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், கடப்பாவில் இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஆடு விற்பார்கள். புளியமரத்தைக் காய்க்கும் முன்பே குத்தகைக்கு விடுவார்கள், அதுவும் பாதி விலைக்கு. பெரிய பையன் ஒன்பதாவதோடு நின்று திருப்பூருக்கோ கேரளாவுக்கோ போய்விடுவான். சாமை விதைக்கிற பருவத்தில் வீட்டில் ஆண் ஆள் இல்லாததால் நிலம் சும்மா கிடக்கும். அப்புறம் வருகிற வாய்தாவுக்கெல்லாம் போகாவிட்டால் வாரன்ட். வறுமை ஒழிப்பு, கல்வி, கண்ணியமான வேலை, நீதி என்று நிலைத்த வளர்ச்சிக்காக ஐ.நா. தனித்தனியாக 17 இலக்குகள் எழுதி வைத்திருக்கிறது இல்லையா, அதில் நாலைந்து ஒரே வீட்டுக்குள் ஒரே வருடத்தில் உடைவது இப்படித்தான்.

இன்னொன்று, மலையாளிப் பழங்குடி (கேரளக்காரர்கள் இல்லை, இந்த மலைகளில் வாழ்கிறவர்கள்) இளைஞன் என்றாலே சந்தேகம். நியாயமான கட்டட வேலைக்கு ஆந்திரா போகிறவனையும் பஸ்ஸில் இறக்கி ஆதார் கேட்டால், மெல்ல மெல்ல அவனுக்கு நல்ல வேலைக்கான வழியும் அடைகிறது. கடத்தலுக்கு ஆள் பிடிப்பது அதனால் இன்னும் சுலபமாகிறது.

வனவிலங்கு பற்றியும் கேட்டீர்கள். நட்சத்திர ஆமை சூட்கேஸில் போவது, சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவது எல்லாம் அடிக்கடி படிக்கிறோம், அதை விடுகிறேன். நம் கடற்கரைக்கு நெருக்கமான, சிக்கலான ஒன்று கடல் அட்டை. கடலடி மணலைத் தின்று சுத்தம் செய்து வெளியே தள்ளுகிற ஜீவன். வேகவைத்து உலர்த்தினால் சீனா, சிங்கப்பூர் சந்தையில் நல்ல விலை. 2001-ல் இந்தியா எல்லா வகைக் கடல் அட்டையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்தது, அதாவது சட்டத்தின் கண்ணில் புலியும் அதுவும் ஒன்று. எதிரே இலங்கையில் உரிமம் வாங்கினால் பிடிக்கலாம், யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கம் பண்ணைகளே இருக்கின்றன (அந்தப் பண்ணைகளால் தங்கள் மீன்பிடி இடம் போகிறது என்று அங்கத்திய மீனவர்களே சண்டை போடுவது தனிக்கதை). விளைவு என்ன? ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையிலிருந்து ராத்திரிப் படகில் சரக்கு அக்கரை போய், அங்கே சட்டப்படியான சரக்காக மாறி ஏற்றுமதியாகிறது. வலையில் தானாக வந்து விழுந்ததைத் திரும்பக் கடலில் போடாத மீனவனும் கடத்தல்காரன், கிடங்கு வைத்து நடத்துகிறவனும் கடத்தல்காரன், இரண்டு பேருக்கும் ஒரே பிரிவு. தடை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கணக்கெடுப்பு இல்லாமல் திறந்துவிட்டால் கடலடியை ஒரே சீசனில் வழித்துவிடுவார்கள். ஆனால் தடை போட்டு இத்தனை வருடத்தில் எந்த வகை எவ்வளவு தேறியிருக்கிறது என்று முறையாக எண்ணி, அந்த எண்ணை மீனவர் சங்கத்தின் முன்னால் வைத்துப் பேசுவது அரசின் கடமை.

சிலர் கேட்பார்கள், "கள்ளமோ நல்லமோ, ஏழை கைக்குக் காசு வருகிறதே, அது வளர்ச்சி இல்லையா?" என்று. கொஞ்ச நாளைக்கு வரத்தான் செய்கிறது. மலையில் திடீரென்று ஒரு புது பைக்கும் ஒரு மொட்டை மாடி வீடும் முளைக்கும், அதைப் பார்த்து அடுத்த நான்கு பேர் கிளம்புவார்கள். ஆனால் அந்தக் காசுக்குப் பில் இல்லை, பி.எஃப். இல்லை, செத்தால் இன்ஷூரன்ஸ் இல்லை, பேசிய கூலியைக் கொடுக்காவிட்டால் போய்ப் புகார் சொல்ல இடமும் இல்லை.

அப்படியானால் வழி? பட்டா நிலத்தில் வளர்த்த செம்மரத்தை ஏற்றுமதி செய்ய 2019-ல் மத்திய அரசு அனுமதித்தது. நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன். திருவள்ளூர் பக்கம் நம் விவசாயிகளும் நட்டு வைத்திருக்கிறார்கள். ஓட்டை எங்கே என்றால், காட்டு மரத்தைத் தோட்டத்து மரம் என்று காகிதம் போட்டு அனுப்புவது. நட்ட வருடம், மர எண்ணிக்கை, வெட்டிய அளவு எல்லாம் நிலத்தில் போய்ச் சரிபார்த்த பதிவு இருந்தால் இதை அடைக்கலாம். பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் பலன் பகிர்வும், அதாவது இயற்கை வளத்தை விற்று வரும் பணத்தில் வளர்த்தவர்களுக்கும் பங்கு கொடுப்பதும், நடக்க ஆரம்பித்திருக்கிறது: சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையம் 2025-ல் ஆந்திராவில் செம்மரம் வளர்த்த 198 விவசாயிகளுக்கும் ஒரு கல்வி நிறுவனத்துக்குமாக 3 கோடி ரூபாய் கொடுத்தது.

ஐ.நா. இலக்குகளில் 15.7 என்று ஒன்று கடத்தலை ஒழி என்கிறது, எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். கடைசியில் 15.சி என்று இன்னொன்று இருக்கிறது, கடத்தலை எதிர்க்கிற வேலையோடு உள்ளூர் மக்களுக்கு நிலையான பிழைப்பு தேடிக்கொள்ளும் பலத்தையும் கூட்டு என்று சேர்த்தே சொல்கிறது. நம் ஊரில் அதற்கான கருவி, காட்டில் வாழ்கிறவர்களுக்கு நிலத்திலும் காட்டு விளைபொருளிலும் உரிமை தருகிற 2006-ன் வன உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் கோர்ட் தடையால் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்து, உச்ச நீதிமன்றம் 2016-ல் தடையை நீக்கிய பிறகுதான் வேகம் பிடித்தது, தனிநபர் பட்டாவைவிட கிராம சபைக்கான சமூக வன உரிமை இன்னும் பின்தங்கியே நிற்கிறது. ஜவ்வாது மலையில் புளி, கடுக்காய், தேன், சாமை எல்லாம் விளைகிறது. அதை எடுக்கவும் விற்கவும் சபைக்கு உரிமை இருந்து, சாமையை மலையிலேயே அரிசியாக்க ஒரு இயந்திரமும், புளி விலை ஏறும் வரை வைத்திருக்க ஒரு கிடங்கும் இருந்தால், அட்வான்ஸ் நோட்டோடு வருகிற மேஸ்திரிக்கு அந்த ஊரில் ஆள் கிடைப்பது கஷ்டம். கூடவே இரண்டு மாநிலமும் பேசி, ஆந்திரச் சிறைகளில் இருக்கும் மலைவாசிகளுக்குத் தமிழ் தெரிந்த இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவரைப் போட்டால், ஏஜென்ட் வைக்கிற வக்கீலும் அதோடு வரும் கடனும் இல்லாமல் போகும். பெரிய செலவும் இல்லை.